மகளின் குரலை ஐரிஷ் மொழிக்குக் கொடுக்கலாமா? பள்ளியிலிருந்து படிவம் வந்திருக்கிறது

கடலோரத்தாய் | திங்கள், இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். மகளுக்கு ஒன்பது வயது. கேல்ஸ்கோல் என்பார்கள், எல்லாப் பாடமும் ஐரிஷிலேயே நடக்கும் ஆரம்பப் பள்ளி, அதில்தான் படிக்கிறாள். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் ஆங்கிலம், வகுப்பில் ஐரிஷ்.

போன வாரம் அவள் பையில் ஒரு படிவம் வந்தது. ஐரிஷ் பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் மென்பொருள் ஒன்றைப் புதிதாக ஒரு சிறு குழு செய்கிறதாம். யார் என்று இங்கே எழுதவில்லை. பிள்ளைகள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு இருபது நிமிடம் திரையில் வரும் வாக்கியங்களை வாசிக்க வேண்டும், அதைப் பதிவு செய்வார்கள். நோக்கம் ஒரே வரியில் இருக்கிறது: "ஆய்வுக்கும் அது தொடர்பான பிற தேவைகளுக்கும்." அடுத்த வரி: "பெயர் நீக்கப்பட்டு எண் மட்டும் வைக்கப்படும்." அப்புறம் கையெழுத்துக்கு ஒரு கோடு. அவ்வளவுதான்.

எனக்கு இந்த மென்பொருள் வர வேண்டும் என்று ஆசை. வீட்டில் இருக்கிற ஸ்பீக்கரிடம் அவள் முதலில் ஐரிஷில்தான் கேட்பாள். ஆப்பிளின் சிரி ஆகட்டும், அமேசானின் அலெக்ஸா ஆகட்டும், இரண்டுக்கும் ஐரிஷ் தெரியாது. இரண்டு தடவை முயன்றுவிட்டு ஆங்கிலத்துக்கு மாறிவிடுவாள். அந்த மாறுதலைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கனக்கிறது. தமிழிலிருந்து அவள் மாறியதும் இப்படித்தான்.

ஆனால் "பிற தேவைகள்" என்றால் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பொன்வண்டு | திங்கள், இரவு 10:05

போடாதீங்க அக்கா. குழந்தை விஷயம். ஒரு தடவை வெளியே போன குரலைத் திரும்ப வாங்க முடியாது. இப்பல்லாம் கொஞ்ச நேர ஒலி இருந்தாலே அதே குரல்ல பேச வெச்சிடறாங்க.

தேரடி | திங்கள், இரவு 11:20

எனக்கு மாற்றுக் கருத்து உண்டு, கோபித்துக்கொள்ள வேண்டாம். 2022 கணக்கெடுப்பில் ஐரிஷ் பேசத் தெரியும் என்று சொன்னவர்கள் 18,73,997 பேர். பள்ளிக்கு வெளியே தினமும் அதைப் பேசுகிறவர்கள் 71,968 பேர் மட்டுமே. நம் ஊரில் ஒரு தாலுகாவில் இருக்கிற கூட்டம்கூட இல்லை. ஓப்பன்ஏஐ 2022ல் வெளியிட்ட, பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் மாடலின் மொழிப் பட்டியலில் பக்கத்து வீடான வெல்ஷ் இருக்கிறது, பிரெட்டன் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆட்சிமொழியான ஐரிஷ் இல்லை. காரணம் டேட்டா இல்லை. இருக்கிற கொஞ்சம் பேரும் "என் குரல், என் ரகசியம்" என்று கதவைச் சாத்திக்கொண்டால் அந்தப் பட்டியலில் எப்போதுதான் ஏறுவது? மொழியே போனபிறகு எந்த மொழியில் தனியுரிமை பேசப் போகிறோம்? தயவுசெய்து கையெழுத்துப் போடுங்கள் சகோதரி.

ஒலியன் | செவ்வாய், காலை 7:15

பேச்சுத் தொழில்நுட்பம்தான் என் பிழைப்பு. சென்னையில் இருக்கிறேன். சின்ன மொழிகளுக்கு மாடல் பழக்கும் வேலை. தேரடி சொல்வதன் பாதியை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

முதலில், ஏன் குழந்தைகளின் குரல். பெரியவர்களின் குரலில் பழகிய மாடல் குழந்தையிடம் தடுமாறும். குரல்வளை சிறிது, சுருதி உயரம், வேகம் ஒரே சீராக இருக்காது. ஐரிஷை அதிகமாகப் பேசும் இடமே பள்ளிக்கூடம் எனும்போது குழந்தைக்குப் புரியாத மாடலால் பெரிய பயனில்லை.

இரண்டாவது, ஐரிஷுக்கு ஒன்றுமே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் ஒலியியல் ஆய்வகம் "அபர்" என்ற திட்டத்தைப் பல ஆண்டுகளாக நடத்துகிறது. அபர் என்றால் "சொல்" என்று ஏவல். அல்ஸ்டர், கானக்ட், மன்ஸ்டர் மூன்று வட்டார வழக்குக்கும் தனித்தனிக் குரல் செய்திருக்கிறார்கள். பார்வையற்றவர்கள் கணினியில் ஐரிஷ் படிக்க அந்தக் குரல்கள் உதவுகின்றன. பேச்சு வராத பிள்ளைகள் படத்தைத் தொட்டால் ஐரிஷில் பேசும் கருவியும் அங்கிருந்து வந்ததுதான். இப்படிப்பட்ட கருவியைக் கொஞ்சம் யோசியுங்கள். ஒரு பிள்ளை "வலிக்கிறது" என்ற பொத்தானை இன்று எத்தனை முறை தொட்டது என்ற கணக்கே அந்தப் பிள்ளையின் மருத்துவக் குறிப்பு. அது அந்த டேப்லெட்டை விட்டு வெளியே போகவே கூடாது. அதனால் தனியுரிமையை நான் சொகுசு என்று நினைக்கவில்லை.

மூன்றாவது, "பெயரை நீக்கிவிட்டோம்" என்பது. ஐரிஷில் "எப்படி இருக்கிறாய்" என்று ஒருவர் கேட்டாலே பாதி முகவரி தெரிந்துவிடும். தெற்கே மன்ஸ்டரில் "கனஸ் டா டூ". மேற்கே கானக்டில் "கே ஹீ அ விள் டூ". வடக்கே அல்ஸ்டரில் "கஜே மர் அடா டூ". இது முதல் வாக்கியம் மட்டும். இன்னும் நான்கு வாக்கியம் பேசவிட்டால், பழகிய காது எந்தத் தீவு, எந்த வளைகுடா என்று சொல்லிவிடும். டோனெகால் கரைக்கு அப்பால் டோரித் தீவு இருக்கிறது, அங்கே இருப்பதே நூற்றுச் சொச்சம் பேர். "டோரி, பெண், எழுபது வயதுக்கு மேல்" என்று குறித்துவிட்டு பெயரை மட்டும் அழித்தால் யாரை மறைத்தோம்?

குரலையே மாற்றிவிடலாமே என்று கேட்பீர்கள். மாற்றலாம். பேசியவரின் குரல் அடையாளத்தை உருவி எடுத்து வேறொன்றை மாட்டும் முறைகள் இருக்கின்றன. 2020லிருந்து அதற்கென்றே ஆய்வாளர்களிடையே பொதுப் போட்டி நடக்கிறது. சிக்கல் என்னவென்றால் அவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் பழகியவை. ஐரிஷில் மெய்யெழுத்து ஒவ்வொன்றும் இரண்டு வகை, அகன்றது ஒன்று, மெலிந்தது ஒன்று. படகு என்பதற்கு "பாட்". படகுகள் என்றால் "பாஜ்" போலக் கேட்கும். எழுத்தில் அதே டகரம்தான். நாக்கு அண்ணத்தை ஒட்டுகிற இடம் நகர்கிறது, ஒருமை பன்மையாகிவிடுகிறது. நம் லகர ளகர ழகரம் போல உயிரான விஷயம். ஆங்கிலத்தில் பழகிய குரல்மாற்றி அதை மழுங்கடித்துவிட வாய்ப்பு அதிகம். எதற்காகப் பதிவு செய்தோமோ அதுவே கெட்டுப்போகும்.

அதனால் என் பதில்: கொடுக்கலாம், ஆனால் இந்தப் படிவத்தில் அல்ல. முடிந்தால் படிவத்தில் இன்னும் என்னென்ன கேட்டிருக்கிறார்கள் என்று முழுசாகப் போடுங்கள்.

கேட்டு எழுதினவன் | செவ்வாய், மதியம் 1:30

நான் பொறியாளர் இல்லை. குரலைக் கேட்டு எழுதுகிற வேலை பார்த்தவன். ஒப்பந்த நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான துணுக்குகள் வரும், தமிழில். ஐந்து நொடி, பத்து நொடி. பெயர் கிடையாது, எண்தான்.

ஒரு நாள் ஒரு துணுக்கு. வயசான அம்மா ஒருத்தர், போனில் ஏதோ தேடச் சொல்கிறார். பின்னால் ஒரு மாட்டு மணி. "எட்டி, அதைக் கொஞ்சம் எடுத்தா" என்றார். அந்த "எட்டி"யும் அந்த இழுவையும் எங்கள் ஊர்ப் பக்கம். எட்டு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகு அவர் தேடச் சொன்னது ஒரு நோயின் பெயர். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டேன். வெகுநேரம் வேலை ஓடவில்லை. ஊருக்குப் போனபோது எதிரே வந்த ஒவ்வொரு கிழவியின் குரலையும் கவனித்தேன். அது தப்பு என்று தெரிந்தும் காது சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

தமிழ் பேசுகிறவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறோம். அதிலேயே இப்படி. தேரடி சார் சொன்ன அந்த 71,968 பேருக்குள் ஒருவர் குரலை இன்னொருவர் உட்கார்ந்து கேட்டு எழுதினால்? எழுதுகிறவரும் ஐரிஷ் தெரிந்தவராகத்தான் இருக்க முடியும். அத்தைக்கோ வாத்தியாருக்கோ தெரிந்தவராகத்தான் இருப்பார்.

சட்டப்பார்வை | செவ்வாய், மாலை 6:50

டப்ளினில் தரவுப் பாதுகாப்பு தொடர்பான வேலை. இது சட்ட ஆலோசனை அல்ல, தெரிந்ததைச் சொல்கிறேன்.

மேலே சகோ எழுதியதற்கு இந்த நாட்டிலேயே பழைய கதை உண்டு. 2019ல் வெளிவந்தது: சிரியிடம் மக்கள் பேசியதைக் கேட்டு மதிப்பிடும் வேலை கோர்க் நகரில் ஒப்பந்த ஊழியர்களிடம் இருந்தது. தற்செயலாக விழித்துக்கொண்ட கருவிகள் பிடித்த படுக்கையறைப் பேச்சு, மருத்துவரிடம் பேசியது எல்லாம் அதில் இருந்தன. அங்கே வேலை பார்த்த தோமா ல பொன்யெக் 2020ல் தன் பெயரிலேயே ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு அமைப்புகளுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். அதற்கு முன்பே, 2019லேயே, ஆப்பிள் அந்த வேலையை நிறுத்தி, பிறகு பயனர் தானாக முன்வந்து ஒப்புக்கொண்டால் மட்டுமே என்று மாற்றியது. கூகுள் உதவியாளரின் டச்சுப் பதிவுகள் ஆயிரத்துக்கு மேல் பெல்ஜிய ஒலிபரப்பாளர் கையில் கிடைத்ததும் அதே 2019ல்தான்.

இப்போது உங்கள் படிவம். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் 2018 மே 25லிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன்படி பெயருக்குப் பதில் எண் போடுவது புனைபெயர் கொடுப்பதுதான். அடையாளத்தை அழிப்பது அல்ல. அந்த எண்ணுக்கு உரியவர் யார் என்ற பட்டியல் எங்கோ இருக்கும்வரை அது தனிநபர் தரவே, எல்லா உரிமையும் உங்களுக்கு உண்டு. படிவத்தில் கட்டாயம் இருக்க வேண்டியவை: பொறுப்பாளர் யார், என்ன நோக்கம், யாருக்குக் கொடுப்பார்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள், சம்மதத்தை எப்படித் திரும்பப் பெறுவது, புகார் செய்ய ஆணையம் இருக்கிறது என்ற தகவல். 7ஆம் பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். கையெழுத்துக்கு ஒரு கோடு இருந்தால், வேண்டாம் என்பதற்கும் அதே போல ஒரு வழி இருக்க வேண்டும். "பிற தேவைகள்" என்பது நோக்கமே ஆகாது.

பலர் குழப்பிக்கொள்ளும் ஒரு விஷயம். அயர்லாந்தில் டிஜிட்டல் சம்மத வயது 16 என்பது இணையச் சேவைகள் நேரடியாகப் பிள்ளைகளுக்குத் தரப்படும்போது பொருந்துவது. பள்ளியில் நடக்கும் பதிவுக்கு அந்த எண்ணைக் காட்டி யாரும் தப்பிக்க முடியாது. ஒன்பது வயதுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும், பிள்ளைக்குப் புரிகிற மொழியில் பிள்ளையிடமும் சொல்ல வேண்டும்.

குரல் உயிரியல் அடையாளம் என்று 2021ல் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு வாரியமே குரல் உதவியாளர்கள் பற்றிய வழிகாட்டலில் எழுதியிருக்கிறது. ஆளைக் கண்டுபிடிக்க அந்தக் குரலைப் பயன்படுத்தினால் சட்டத்தின் மிகக் கடுமையான வகைக்குள் போய்விடும். பேச்சை எழுத்தாக்க மட்டும் என்றால் அங்கே போகாது. அதனால்தான் எதற்கு என்பதைத் தெளிவாக எழுதி வாங்குவது முக்கியம்.

கடலோரத்தாய் | செவ்வாய், இரவு 9:10

ரொம்ப நன்றி. கிழவி பற்றிப் படித்துவிட்டுச் சற்று நேரம் எதுவும் தோன்றவில்லை.

ஒலியன் கேட்டது: இரண்டாம் பக்கத்தில் இருப்பவை இவை. வயது, பாலினம், மாவட்டம், ஊர், வகுப்பு, எத்தனை வருடமாக ஐரிஷ், வீட்டு மொழி.

ஒலியன் | செவ்வாய், இரவு 9:25

"வீட்டு மொழி" என்ற இடத்தில் என்ன எழுதுவீர்கள்?

கடலோரத்தாய் | செவ்வாய், இரவு 9:31

தமிழ்.

ஐயோ. இந்த ஊரிலேயே நாங்கள் ஒரே தமிழ்க் குடும்பம்.

ஒலியன் | செவ்வாய், இரவு 10:15

அதுதான். ஒன்பது வயது, பெண், உங்கள் ஊர், தமிழ். பெயரைவிடத் துல்லியமான பெயர் இது. எண் போட்டு என்ன பயன்? பள்ளி வாசலில் நிற்கும் யாருக்கும் தெரியும்.

அவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. வீட்டு மொழி தெரிந்தால் உச்சரிப்பில் வரும் வேறுபாட்டை மாடல் கற்றுக்கொள்ளும். உண்மையில் உங்கள் மகள் போன்ற பிள்ளைகளுக்குத்தான் அது நல்லது. ஆனால் ஆய்வுக் குழு தன் பெட்டியில் வைத்துக்கொள்வது ஒன்று, ஒலிக்கோப்போடு சேர்த்து வெளியிடுவது இன்னொன்று. வெளியே போகும் பட்டியலில் வயது "8 முதல் 10", ஊருக்குப் பதில் மாகாணம், வீட்டு மொழி "பிற" என்று இருந்தால் போதும்.

நான் கேட்கச் சொல்லும் இன்னொன்று: வாக்கியம் வாசிப்பது மட்டும்தானா, சும்மா பேசவும் வைப்பார்களா? "நேத்து வீட்ல என்ன நடந்துச்சு?" என்று ஒரு பிள்ளையிடம் மைக்கை நீட்டினால் அப்பா அம்மா சண்டை வரைக்கும் வந்துவிடும். மாடலுக்கு இயல்பான பேச்சு வேண்டும் என்பது உண்மை, நானே ஏங்குவேன். ஆனாலும் பிள்ளைகளிடம் கதைப்படத்தைக் காட்டிக் கதை சொல்லச் சொன்னால் போதும்.

அழிக்கச் சொன்னால் என்ன ஆகும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒலிக்கோப்பை அழிக்கலாம். அதில் பழகிய மாடலிலிருந்து ஒரு பிள்ளையின் பங்கை மட்டும் பிரித்து எடுப்பது இன்றைக்கு எளிதல்ல. அதனால் பதிவுக்கும் பயிற்சிக்கும் நடுவே சில வாரம் இடைவெளி கேளுங்கள். மனம் மாறினால் அந்த இடைவெளியில் சொன்னால் முழுசாக வெளியே வந்துவிடலாம்.

பழைய ஒலித்தட்டு | புதன், காலை 11:00

இந்த இழையில் இறந்தவர்களுக்காகவும் ஒருவர் பேச வேண்டும் என்று தோன்றுகிறது.

1928லிருந்து 1931வரை ஜெர்மானியர் வில்ஹெல்ம் டோகன் தலைமையிலான பெர்லின் குழுவை அழைத்து அயர்லாந்து அரசு ஐரிஷ் பேச்சைப் பதிவு செய்தது. பலரும் சொன்ன ஒரு கதை பைபிளின் ஊதாரி மகன் கதை. (க்ரியர்சனின் இந்திய மொழிக் கணக்கெடுப்பும் இதே கதையைத்தான் மொழி மொழியாகக் கேட்டு வாங்கியது.) இப்போது ராயல் ஐரிஷ் அகாடமி அவற்றை இணையத்தில் வைத்திருக்கிறது. அந்தப் பதிவுகளில் இருக்கும் சில வட்டார வழக்குகளைப் பேச இன்று ஒருவரும் இல்லை. கரகரப்புக்கு நடுவே ஒரு விவசாயி கதை சொல்லும்போது, அவர் பதிவு செய்ய ஒப்புக்கொண்டது எவ்வளவு பெரிய கொடை என்று கண் கலங்கும்.

ஆனால் அதே டோகன் முதல் உலகப் போரின்போது ஜெர்மானியச் சிறைமுகாம்களில் கைதிகளின் குரலைப் பதிவு செய்த குழுவில் முக்கியமானவர். அந்தக் கைதிகளில் இந்தியச் சிப்பாய்களும் உண்டு. முள்வேலிக்குள் இருப்பவன் மைக் முன்னால் நிற்க மாட்டேன் என்று சொல்லியிருக்க முடியுமா?

ஒரே ஆள், ஒரே தொழில். ஒன்றைக் கேட்டால் நன்றி வருகிறது, மற்றதைக் கேட்டால் நெஞ்சு அடைக்கிறது. ஜிடிபிஆர் இறந்தவர்களுக்குப் பொருந்தாது. உயிரோடு இருப்பவர்களிடம் இப்போதே சரியாகக் கேட்டுக்கொள்வதுதான் நம் கையில் இருக்கிறது.

வடகடல் | புதன், மாலை 4:45

உரிமத்தையும் கேளுங்கள் அக்கா. மக்களிடம் குரல் திரட்டும் மொசில்லாவின் காமன் வாய்ஸ் திட்டத்தில் ஐரிஷும் உண்டு, தமிழும் உண்டு. அங்கே கொடுக்கும் குரல் பொதுச் சொத்து, யாரும் எதற்கும் எடுத்துக்கொள்ளலாம். பேசியவர் யார் என்று கண்டுபிடிக்க முயலக் கூடாது என்று பதிவிறக்குபவரிடம் வாக்குறுதி வாங்குகிறார்கள். பெரியவர்கள் தெரிந்தே கொடுத்தால் அருமையான விஷயம், நானும் தமிழில் கொடுத்திருக்கிறேன். ஆனால் எடுத்துப்போன பிரதிகளை யாராலும் திருப்பி வாங்க முடியாது.

இன்னொரு வழி நியூசிலாந்தில் இருக்கிறது. தே ஹிக்கு என்ற மாவோரி வானொலி நிலையம் 2018ல் தன் மக்களிடம் கேட்டது. பத்தே நாளில் சுமார் 2,500 பேர் 310 மணி நேரம் வாசித்துக் கொடுத்தார்கள். அந்த டேட்டாவை அவர்கள் பொதுவில் போடவில்லை. "காவல்" என்ற பொருளில் தங்களுக்கென ஒரு உரிமம் எழுதினார்கள்: மாவோரி மக்களுக்கு நன்மை தருகிற வேலைக்கு மட்டும், கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். தேரடி அண்ணா, மக்கள் ஏன் அவ்வளவு வேகமாகக் கொடுத்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? குரல் எங்கே போகும், யார் காவல் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தேரடி | புதன், இரவு 8:20

அந்த 310 மணி நேரக் கணக்கு எனக்குத் தெரியாது. காப்பாற்றுகிறேன் என்று கதவைச் சாத்துவார்கள் என்றுதான் பயந்தேன். காவல் இருந்தால் மக்கள் இன்னும் அதிகமாகக் கொடுப்பார்கள் என்று யோசிக்கவில்லை. மாட்டு மணிக் கதையும் மனதை விட்டுப் போகவில்லை.

இருந்தாலும் ஒன்று. மறுப்பது சுலபம், திருத்தி வாங்குவது கஷ்டம். பெரும்பாலானவர்கள் சுலபமானதைத்தான் செய்வார்கள். நீங்கள் திருத்தி வாங்குங்கள் சகோதரி, விட்டுவிடாதீர்கள்.

கடலோரத்தாய் | அடுத்த செவ்வாய், இரவு 10:30

என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். புதன் இரவே ஒரு கடிதம் எழுதி வகுப்பு ஆசிரியையிடம் கொடுத்தேன். எதிர்க்கிறேன் என்று எழுதவில்லை. "என் மகளின் குரலைக் கொடுக்க விரும்புகிறேன், அதற்கு முன்" என்றுதான் ஆரம்பித்தேன். ஆசிரியை படித்துவிட்டு, வேறு இரண்டு அம்மாக்களும் இதையே வாயால் கேட்டார்கள், எழுதத்தான் தயங்கினார்கள் என்றார். ஒருவர் பிரேசில், ஒருவர் உக்ரைன். அவர்கள் வீட்டு மொழியும் ஊரில் ஒற்றை.

வெள்ளிக்கிழமை குழுவிலிருந்து போன் வந்தது. இளம்பெண்தான், குரலில் எரிச்சல் இல்லை. "பிற தேவைகள்" வரியை எடுத்துவிட்டார்கள். வணிகப் பயன்பாட்டுக்குத் தனிக் கட்டம் வைத்தார்கள். நான் அதை டிக் செய்யவில்லை. வீட்டு மொழியும் ஊரும் அவர்களிடமே இருக்கும், வெளியே போகாது. வாசிப்பு மட்டும், பேச்சு கிடையாது. பதிவிலிருந்து ஆறு வாரம் கழித்துத்தான் பயிற்சி. எழுதுகிறவர்கள் வேறு மாவட்டத்துக்காரர்களாக இருப்பார்கள் என்றும் சொன்னார், அதை நான் கேட்கவே இல்லை. நம் சகோ எழுதியதைச் சொன்னதும் அவராகவே சொன்னது.

மகளிடம் உட்கார்ந்து விளக்கினேன். "அப்போ இன்னொரு பாப்பா ஐரிஷ்ல கேட்டா அதுக்குப் புரியுமா?" என்றாள். புரிய உதவும் என்றேன். சரி என்றாள். பெயர் சொல்லாமல் வாசிக்க வேண்டும் என்பதில்தான் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம். கையெழுத்துப் போட்டுவிட்டேன். பதிவு வருகிற வியாழன்.

ஒரு கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. பெரியவளாகி அவளே அழிக்கச் சொன்னால் யாரிடம் போய்க் கேட்பாள்? அந்தக் குழு அன்று இருக்குமா, இல்லையென்றால் இந்த ஒலி யார் கையில் இருக்கும்? மறுபடியும் எழுதியிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.